செல்பேசிக் கோபுரங்களின் கால ஒற்றுமை

பலர் ஒன்றுகூடிச் செய்யும் வினை எதுவாயினும், அவ்வினைஞர் அனைவர்க்கும் காலம் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஏற்றம் இறைப்போர்க்கும் தேர்வடம் பிடிப்போர்க்கும் ஒருவர் எழுப்பும் குரலே காலத்தை வகுத்தளிக்கும். வினைஞர் ஒருவரையொருவர் காணவும் குரல் கேட்கவும் இயலாத் தொலைவில் இருப்பாராயின், குரலின் தொழிலைக் கடிகாரம் மேற்கொள்ளும். ஆயின் கடிகாரம் ஒவ்வொன்றும் தன்போக்கில் ஓடுவதாகலின், பல இடத்துக் கடிகாரங்களை ஒருவழிப்படுத்துவது எங்ஙனம் என்னும் வினா உடனே எழும்.

இவ்வினா நம் நாட்டிற்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் ஆண்டிற் சென்னையில் நிறுவிய வானாராய்ச்சி நிலையத்தின் கடிகாரமே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்களுக்குக் காலங் காட்டிற்று. 'சென்னை நேரம்' என வழங்கிய அது தந்திக் கம்பிகளின் வழியே ரயில் நிலையங்கட்கு அறிவிக்கப்பட்டது. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்த பின்னரே அது வழக்கொழியத் தொடங்கிற்று. அந்நாளில், சென்னையினின்று புறப்பட்ட தந்தி கம்பியில் ஓடுதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட வேண்டுவதில்லை. ரயில் வண்டிகள் நிமிஷத்தை நோக்கி ஓடுவன. கம்பியில் ஏற்படும் தாமதமோ விநாடியில் ஒரு சிறு பகுதியே. இக்காலத்திலோ, விநாடியைப் பத்து லட்சங் கூறிட்ட ஒரு கூறாகிய மைக்ரோ விநாடியை எண்ணி நடக்கும் யந்திரங்கள் தோன்றியுள்ளன. அவற்றிற்குக் கம்பியின் தாமதமே முதற்பெருஞ் சிக்கலாகும். அத்தகையன நாம் நாள்தோறும் பயன்படுத்தும் செல்பேசிக் கோபுரங்கள்.

மக்கள் 'டவர்' என வழங்கும் இக்கோபுரம் ஒவ்வொன்றும், தன்னைச் சூழ்ந்த வட்டாரத்திலுள்ள செல்பேசிகளோடு வானொலி அலைகளாற் பேசும் நிலையமாகும். ஒரு வட்டாரத்தின் எல்லை அடுத்ததன் எல்லையோடு சற்றே கலந்திருக்கும். ஆதலால் ஓடும் பேருந்தில் அமர்ந்து பேசுவோர் ஒருவரைக் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாற்றிக்கொண்டே செல்லும். இங்ஙனம் அயலாராய் வாழும் நூற்றுக்கணக்கான கோபுரங்கட்கு ஒரே காலத்தை அமைத்துக் கொடுப்பது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கோபுரங்கட்கு வேண்டும் ஒற்றுமை இருவகைத்து. ஒன்று அலையெண் ஒற்றுமை. மற்றொன்று தொடக்க ஒற்றுமை. இசையரங்கில் மிருதங்கமும் கஞ்சிராவும் வாசிப்போர் இருவர் ஒரே காலப்பிரமாணத்தில் வாசித்தல் முன்னதற்கு உவமை. அவ்விருவரும் ஒருங்கே சமத்தில் வந்து இறங்குதல் பின்னதற்கு உவமை. வேகம் ஒத்திருந்தும் சமம் ஒவ்வாதாயின் கச்சேரி கெடும் என்பது கேட்டோர்க்கு வெளிப்படை.

தொடக்க ஒற்றுமை ஏன் வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வாம். முன்னாளிலிருந்து வழங்கும் முறையொன்றில், கோபுரம் பேசுதற்கு ஓர் அலைவரிசையும், செல்பேசி பேசுதற்கு மற்றோர் அலைவரிசையும் ஒதுக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒருங்கே பேசினும் இடையூறில்லை. மற்றொரு முறையிலோ, ஒரே அலைவரிசையில் இரண்டும் முறைவைத்துப் பேசும். இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் நாள் தொடங்கப்பெற்ற ஐந்தாந் தலைமுறைச் சேவைக்கு ஒதுக்கிய அலைவரிசைகளுள் 3,300 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவது இத்தகையதே. இம்முறையிற் பத்து மில்லி விநாடி, அஃதாவது விநாடியின் நூற்றிலொரு பங்கு, ஒரு சுற்று எனப்படும். அச்சுற்றினுள் இன்ன பகுதியிற் கோபுரம் பேசும், இன்ன பகுதியிற் செல்பேசி பேசும், இடையே இரண்டும் வாளாவிருக்கும் இடைவெளி இவ்வளவு என்று வரையறுக்கப்பட்டுள்ளது.

ஒரு கோபுரத்தின் கடிகாரம் மட்டும் பிந்திவிட்டதாகக் கொள்வோம். ஏனைய கோபுரங்கள் பேச்சை நிறுத்திச் செல்பேசிகளின் மெல்லிய குரலுக்குச் செவிசாய்க்கும் வேளையில், இஃதொன்று மட்டும் தன் பேச்சை முடிக்காது முழங்கிக்கொண்டிருக்கும். சாதாரணச் செல்பேசி வெளியிடும் ஆற்றல் மிகுதியாயிருக்கும்போதும் ஒரு வாட்டில் ஐந்திலொரு பங்கே. கோபுரத்தின் ஆற்றலோ பல பத்து வாட்டு, பெரிய நிலையங்களில் நூறு வாட்டுக்கும் மேல். மேலும் கோபுரங்கள் உயரத்தில் நிற்பனவாகலின், ஒன்றன் அலை மற்றொன்றைத் தடையின்றிச் சென்று எட்டும். முரசொலியினிடையே குழந்தையின் மழலை கேட்குமோ? விபத்தில் அடிபட்டாரை எடுத்துச் செல்ல வண்டி வேண்டி 108 என்னும் எண்ணை அழைப்பார் ஒருவரது குரல் அவ்வேளையில் அமிழ்ந்துபோகவுங் கூடும். பிழை செய்த கோபுரமும் துன்பத்தினின்று தப்பாது. அது கேட்டு முடிக்குமுன்னரே அயற்கோபுரங்கள் பேசத் தொடங்கிவிடும். எனினும் தன் கடிகாரத்தையன்றி வேறொன்றையும் அறியாத அது, தான் சரியாகவே நடப்பதாகக் கொண்டு மேலும் மேலும் முழங்கும். காலப்பிழையின் தனித்த கொடுமை இதுவே: பிழைத்தவன் அறியான், அயலான் வருந்துவான்.

இதனைத் தடுத்தற்குத் தரங்களை வகுக்கும் அமைப்பினர் ஓர் எல்லை விதித்துள்ளனர். கோபுரம் எதுவும் பொதுக்காலத்தினின்று முன்னாகவோ பின்னாகவோ ஒன்றரை மைக்ரோ விநாடிக்கு மேல் வழுவலாகாது. ஆகவே இரு கோபுரங்களினிடை வேற்றுமை மூன்று மைக்ரோ விநாடிக்குள் அடங்கும். அம்மூன்று மைக்ரோ விநாடியில் ஒளி ஓடுந் தூரம் 900 மீட்டரே. அலையெண்ணில், பெரிய கோபுரங்கட்கு 100 கோடியில் 50 பங்குவரை பிழை பொறுக்கப்படும். இவ்வளவு பிழையுடைய கடிகாரம் ஓராண்டு முழுதும் ஓடினும் ஏறத்தாழ ஒன்றரை விநாடியே வழுவும். நம் இல்லங்களில் அத்தகைய கடிகாரம் இருப்பின் அதனைப் பெருமையோடு பிறர்க்குக் காட்டுவோம். ஆயினும் அதே கடிகாரத்தைத் திருத்துவாரின்றி விட்டால், 30 விநாடியில் ஒன்றரை மைக்ரோ விநாடி என்னும் எல்லையை எட்டிவிடும். எனவே எத்துணை விலையுயர்ந்த கடிகாரத்தை வைத்தாலும், அதனை இடையறாது திருத்திக்கொண்டிருக்க ஒரு வழி வேண்டும்.

அவ்வழிகளுள் முதலாவது வானத்தினின்று வருவது. அமெரிக்க அரசினரின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திற் சுழன்று, தத்தம் அணுக்கடிகாரங்களின் காலத்தை அலைவழியே அறிவித்துக்கொண்டிருக்கின்றன. தான் நிற்கும் இடத்தை அறியாத கருவிக்கு நான்கு கோள்களின் அலைகள் வேண்டும். கோபுரமோ அசையாது நிற்பதாகலின், இடத்தை ஒருமுறை செவ்வையாக அளந்து பதித்துவிட்டால், அதன்பின் ஒரே கோளைக் கொண்டுங்கூடக் காலத்தை அறியலாம். நல்ல கருவி, ஒரு மைக்ரோ விநாடியிற் பத்திலொரு பங்கிற்குட் பிழையின்றிக் காலங் காட்டும். ஆயினும் இங்குங் கவனிக்கத்தக்கன சில உள. ஆன்டெனாவுக்கு வானம் நன்கு திறந்திருத்தல் வேண்டும்; அருகிலுள்ள கட்டிடங்களின் சுவரிற் பட்டுத் திரும்பும் அலை காலத்தைப் பிறழச் செய்யும். ஆன்டெனாவினின்று கருவிவரை வரும் கேபிளில் அலை மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 நானோ விநாடி தாமதிக்கும். 100 மீட்டர்க் கேபிளில் இது அரை மைக்ரோ விநாடிக்கு அணித்தாகும். ஆதலின் கேபிளின் நீளத்தை அளந்து, அதற்குரிய தாமதத்தைக் கருவியிற் பதிதல் இன்றியமையாதது.

ஆனால் நிலத்தடி ரயில் நிலையங்களிலும் பெருங்கட்டிடங்களின் உள்ளும் வானம் தோன்றாது. மேலும் செயற்கைக்கோளின் அலை நிலத்தை வந்தடையும்போது மிகவும் நலிந்திருக்கும்; சிறு கருவியொன்றைக் கொண்டு யாரும் அதனைக் குலைத்துவிடலாம். ஆகலின் இரண்டாவது வழியொன்றும் வேண்டும். அது, செய்திகளை ஏற்றிச்செல்லும் கண்ணாடி இழைகளின் வழியே காலத்தையும் அனுப்புதல்.

இவ்வழியில் மூத்தது என்.டி.பி. என்னும் முறை. அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் என்பார் 1985-இல் இதனை வகுத்து வெளியிட்டார். உலகின் கணிப்பொறிகள் பலவும் இன்றும் இதனாலேயே நேரந் திருத்திக்கொள்கின்றன. ஆயினும் பொது வலையமைப்பில் இதன் நுட்பம் மில்லி விநாடி அளவினது. கோபுரத்திற்கு வேண்டுவது அதனினும் ஆயிர மடங்கு நுட்பமானது. அதன் பொருட்டு எழுந்ததே 2002-இல் முதன்முதல் தரமாக வெளியாகி, 2008-இலும் 2019-இலும் திருத்தம் பெற்ற பி.டி.பி. என்னும் முறை. செய்தி கருவியின் வாயிலைக் கடக்கும் அக்கணத்தையே வன்பொருள் குறித்துக்கொள்ளுதல் இதன் சிறப்பு.

இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே; அதனைக் கடிதப் போக்குவரத்தால் விளக்குவாம். முருகன் என்பான் தன் கடிகாரத்திற் சரியாக 10 மணிக்கு ஓர் ஆளிடம் கடிதங் கொடுத்தனுப்புகிறான். அதைப் பெறும் தாவீது தன் கடிகாரத்தைப் பார்க்க, 10 மணி 7 நிமிஷம். தாவீது தன் கடிகாரத்தில் 10 மணி 10 நிமிஷத்திற்கு மறுமொழி அனுப்ப, அது முருகன் கடிகாரத்தில் 10 மணி 11 நிமிஷத்திற்கு வந்து சேர்கிறது. போகும்போது தோன்றும் வேற்றுமை 7. வரும்போது தோன்றும் வேற்றுமை 1. இரண்டையுங் கூட்டிப் பாதியாக்க, வழிநடைக் காலம் 4 நிமிஷம். ஒன்றினின்று மற்றொன்றைக் கழித்துப் பாதியாக்க, தாவீதின் கடிகாரம் 3 நிமிஷம் முந்தியுள்ளது. வழியின் நீளத்தை எவரும் அளவாமலே, வழித்தாமதமும் கடிகாரப் பிழையும் ஒருங்கே வெளிப்பட்டமை காண்க. தலைமைக் கடிகாரத்திற்கும் கோபுரத்திற்கும் இடையே இத்தகைய போக்குவரத்து விநாடிக்குப் பதினாறு முறை நடைபெறுமாறு அமைத்தல் வழக்கம்.

இக்கணக்கினுள் ஓர் அனுமானம் மறைந்து கிடக்கிறது. போகவும் வரவும் ஒரே நேரமாகும் என்று நாம் கொண்டோம். உண்மையிற் போகும்போது 6 நிமிஷமும் வரும்போது 2 நிமிஷமும் ஆயினவென்றும், தாவீதின் கடிகாரம் ஒரு நிமிஷமே முந்தியதென்றும் வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்மின். குறித்த நான்கு நேரங்களும் இம்மியளவும் மாறாமல் முன்போலவே வரும்! ஆகவே அந்நான்கு எண்களை எத்தனை முறை ஆராயினும், இரண்டனுள் எது மெய் என்று அறிய இயலாது. போக்குவரத்தின் தாமத வேற்றுமையிற் பாதி, பிழையாகக் கடிகாரத்தில் ஏறிவிடும். கடிகாரமோ தான் திருந்திவிட்டதாகவே அறிவிக்கும்.

இது வெறுங் கற்பனையன்று. கண்ணாடி இழையில் ஒளி மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 5 நானோ விநாடி எடுத்துக்கொள்ளும். போகும் இழையும் வரும் இழையும் வேறாகி, ஒன்று மற்றொன்றினும் 200 மீட்டர் நீண்டிருக்குமாயின், தாமத வேற்றுமை ஒரு மைக்ரோ விநாடி; அதிற் பாதியாகிய அரை மைக்ரோ விநாடி பிழையாகும். பொறுக்கத்தக்க ஒன்றரையில் மூன்றிலொரு பங்கு இவ்வொன்றிலேயே ஒழிந்துபோம். அறுந்த இழையைப் பழுதுபார்ப்போர் ஒரு பக்கத்தில் மட்டும் சுருளொன்றைக் கூட்டிவிட்டாலும் இந்நிலை நேரும். இடையிலுள்ள சுவிட்சுகளில் செய்திகள் ஒரு திசையில் நெருங்கிக் காத்து நிற்பதும் இவ்விளைவையே தரும்.

நிற்க. இவற்றை மனத்திற்கொண்டு, பல கோபுரங்களை ஒருங்கமைக்கும் முறையைக் கூறுவாம். முதலாவது, தலைமைக் கடிகாரம் ஒன்றோடு அமையாது, வெவ்வேறு ஊர்களில் இரண்டேனும் நிறுவுதல் வேண்டும். ஓரிடத்து இடியோ மின்தடையோ இரண்டையும் ஒருங்கே கெடுத்தல் கூடாது. இரண்டாவது, தலைமைக் கடிகாரமும் இடைக்கருவிகளும் கோபுரங்களும் ஒரே குழு எண்ணைத் தாங்கியிருத்தல் வேண்டும். செல்பேசித் துறையிற் பெரிதும் வழங்கும் ஒழுங்கில் அவ்வெண் 24. எண் வேறாயின் ஒன்று கூறுவதை மற்றொன்று செவிக்கொள்ளாது. மூன்றாவது, கடிகாரங்களின் தகுதி வரிசையைச் சரிவரக் குறித்தல். செயற்கைக்கோளோடு தொடர்புற்ற தலைமைக் கடிகாரம் தன் தகுதியை 6 என அறிவிக்கும். அத்தொடர்பு அற்றுத் தன் நினைவால் மட்டும் நல்லெல்லைக்குள் ஓடுங்கால் 7 என அறிவிக்கும். எண் சிறிதாயின் தகுதி பெரிது. கோபுரங்கள் இதனைக் கண்டு உயர்ந்ததைத் தாமே தெரிந்துகொள்ளும்.

நான்காவது, இடையிலுள்ள சுவிட்சு ஒவ்வொன்றும் காலத்தைத் தானே பெற்று, தன் கடிகாரத்தைத் திருத்தி, அடுத்ததற்கு வழங்கும் ஆற்றலுடையதாயிருத்தல் வேண்டும். அவ்வாற்றலற்ற ஒன்று இடையிற் புகினும் சங்கிலி தளரும். ஒன்றரை மைக்ரோ விநாடியில், தலைமைக் கடிகாரம் முதற் கோபுரத்தின் வாயில்வரை 1.1 மைக்ரோ விநாடியே செலவிடத்தக்கது என்பது வகுத்த கணக்கு. எஞ்சியது கோபுரத்தின் உட்கருவிகட்கும், தொடர்பற்ற வேளைக்கும் உரியது. ஐந்தாவது, சுற்றினைப் பேச்சுக்கும் கேள்விக்கும் பகிர்ந்த பகுப்பு எல்லாக் கோபுரங்களிலும் ஒன்றாயிருத்தல். கடிகாரங்கள் ஒத்திருந்தும் பகுப்பு வேறுபடின் முற்கூறிய துன்பமே விளையும். அடுத்த அலைவரிசையில் மற்றொரு கம்பெனியார் இயங்குவராயின், அவர்களோடும் இதனைக் கலந்து முடித்தல் நன்று. என்.டி.பி. முறையையும் நீக்கிவிடலாகாது, நிகழ்ச்சிக் குறிப்புகளுக்கும் கட்டணக் கணக்குகளுக்கும் நாள், மணி, விநாடி கொடுப்பதற்கு அதுவே போதும்.

ஆறாவது, எந்தக் காலவரிசையைப் பின்பற்றுவது என்பதில் தெளிவு வேண்டும். பி.டி.பி. முறை உலக அணுக்காலத்தைப் பின்பற்றும். ஜி.பி.எஸ். காலம் அதற்கு எப்பொழுதும் 19 விநாடி பின்னது. ஒருங்கிணைந்த உலக நேரமோ, புவியின் சுழற்சிக்கேற்ப அவ்வப்போது ஒரு விநாடி கூட்டப்பெற்று, 2017 ஜனவரி முதல் நாளில் அணுக்காலத்திற்கு 37 விநாடி பின்னதாயிற்று. ஒரு கருவியில் ஒன்றும் மற்றொன்றில் வேறொன்றுமாகக் குறித்துவிட்டால், வேற்றுமை முழு விநாடிகளாகலின் சுற்றின் தொடக்கம் ஒத்தே இருக்கும்; ஆனால் 0 முதல் 1023 வரை எண்ணப்பெறும் சுற்றுகளின் வரிசையெண் கோபுரத்திற்குக் கோபுரம் மாறிவிடும். மேலெழுந்தவாறு நோக்குவார்க்கு இப்பிழை எளிதிற் புலப்படாது.

இவ்வேற்றுமை எத்துணை முக்கியமானது என்பதை 2016 ஜனவரி 26-ஆம் நாள் உலகம் கண்டது. 1990-இல் ஏவப்பெற்ற பழைய ஜி.பி.எஸ். கோளொன்றைப் பணியினின்று நீக்குங்கால், ஜி.பி.எஸ். காலத்தை உலக நேரமாக மாற்றுதற்குரிய எண் தவறாக ஏற்றப்பட்டு, 13 மைக்ரோ விநாடிப் பிழை பல மணி நேரம் பரவிற்று. அவ்வெண்ணை நம்பிய கருவிகள் பல நாடுகளில் அபாய அறிவிப்பு எழுப்பின, ஜி.பி.எஸ். காலத்தை மாற்றாது அப்படியே கொண்ட கருவிகட்கு இடையூறில்லை. மூன்றாண்டு கழித்து, 2019 ஏப்ரல் 6-ஆம் நாள் வேறொன்று நிகழ்ந்தது. ஜி.பி.எஸ். அலையில் வாரங்களை எண்ணும் கணக்கு 1024 வாரத்திற்கொருமுறை மீண்டுஞ் சூன்யத்தினின்று தொடங்குவது. அந்நாள் வருமென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், நியூயார்க் நகராட்சியார் காவற்றுறை முதலியவற்றிற்கென அமைத்திருந்த கம்பியிலா வலையமைப்பு அன்று செயலற்று, மீண்டும் எழப் பல நாட்களாயின.

ஆகவே, திருத்தும் வழி அற்றுப்போன கோபுரம் என் செய்தல் வேண்டும் என்பதையும் முன்னரே வகுத்தமைத்தல் கடன். நல்ல படிகக் கடிகாரம் தான் கடைசியாகக் கற்ற வேகத்தை நினைவிற்கொண்டு சில காலம் தனித்தோடும். ஒரு முழுநாள் ஒன்றரை மைக்ரோ விநாடிக்குள் நிற்க வேண்டுமாயின், அதன் வேகம் 10,000 கோடியில் 2 பங்களவுகூடப் பிறழலாகாது. அதற்கு ரூபிடியம் அணுக்கடிகாரம் போன்ற சிறந்தவையே தகும். எல்லாக் கோபுரங்களிலும் அவற்றை வைத்தல் பெருஞ்செலவு. எனவே ஒவ்வொரு கோபுரத்தின் கடிகாரமும் தனித்து எத்துணை நேரம் நிற்கும் என அளந்து, அந்நேரங் கடந்ததும் முறைவைத்துப் பேசும் அலைவரிசையில் அது தானே வாய்மூடுமாறு அமைத்துவிடுதல் அறிவுடைமை. அங்ஙனம் மூடிய கோபுரத்தின் வட்டாரத்தார் சிலர் அடுத்த கோபுரத்தை நாடிக்கொள்வர். சிலர் சேவையின்றித் தவிக்கவும் நேரும். மூடாது முழங்குவதாயினோ, அயல் வட்டாரங்கள் பலவற்றினும் உள்ளோர் குரல்களும் அழியும். இரண்டு தீமையுள் இஃது பெரிது.

இறுதியாக ஒன்று. அமைத்து முடித்த பின்னர், 'திருந்தியது' என்று கருவியின் திரையில் தோன்றும் சொல்லோடு அமைதியுறுதல் கூடாது. கடிதக் கணக்கில் நாம் கண்டவாறு, வழியின் கோணலைக் கடிகாரம் தன் கணக்கால் அறிய இயலாது. ஆதலால் செயற்கைக்கோளினின்று நேரே காலம் பெறும் தனிக்கருவியொன்றைக் கோபுரத்திற்கே எடுத்துச் சென்று, அங்குள்ள கடிகாரத்தோடு ஒப்பிட்டு, கண்ட வேற்றுமையைப் பதிந்து திருத்துதல் வேண்டும். இழை மாறுந்தோறும், வழி மாறுந்தோறும் இதனை மீண்டுஞ் செய்தல் வேண்டும். பொறியியல் பயிலும் நம் மாணவர்களுள் இத்துறையிற் பணிபுரியச் செல்வோர் இவ்வொன்றைக் கைவிடாராக. வேனில் வெயிலில் ஒரு கருவியைச் சுமந்துகொண்டு கோபுர அடிக்குச் செல்லும் அவ்வுழைப்பு எவர் கண்ணுக்கும் புலப்படாது. ஆயினும் 108-ஐ அழைப்பாரது குரல் உரிய செவியை எட்டுவது அவ்வுழைப்பினாலேயே.